ஸ்கேனில் தெரிவதெல்லாம் நோயன்று

கழுத்தில் ‘டிஸ்க்’ பிதுங்கி நரம்பை அழுத்துவதாக எம்.ஆர்.ஐ. அறிக்கை சொல்லிவிட்டால் அறுவை சிகிச்சைதான் ஒரே வழி, தள்ளிப்போட்டால் கை விழுந்துவிடும் என்னும் பேச்சு, எத்தனை முறை மறுக்கப்பட்டாலும் ஓய்வதாயில்லை. அச்சத்தைத் தவிர இதற்கு வேறு அடிப்படை கிடையாது.

தண்டுவடத்திலிருந்து கழுத்துப் பகுதியில் பிரியும் எட்டு இணை நரம்புகளின் தொடக்கமே நரம்பு வேர் எனப்படும். பிதுங்கிய டிஸ்க்கோ, வயதோடு வளரும் எலும்பு முள்ளோ அதை நெருக்கி அழற்சியை உண்டாக்கும்போது தோளிலிருந்து விரல்வரை சுரீரென வலி இறங்குகிறது. ஏழாம் வேர் சிக்கினால் நடுவிரல் மரத்து, முழங்கையை நீட்டும் தசை வலுவிழக்கிறது. இத்தகைய அறிகுறிகள் இல்லாதவரின் ஸ்கேன் படத்தைக் கொண்டு நோயை முடிவுசெய்வது மருத்துவமாகாது. கழுத்துத் தொல்லை ஏதுமில்லாத ஏறத்தாழ 1,200 பேரை ஜப்பானில் ஸ்கேன் செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், 87.6 விழுக்காட்டினருக்கு டிஸ்க் பிதுக்கம் காணப்பட்டது. அவர்கள் அனைவரையும் மேசையில் கிடத்துவதா?

உண்மையிலேயே நரம்பு அழுந்தியவர்களின் நிலையும் மக்கள் அஞ்சுமளவுக்கு இல்லை. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் 1976 முதல் 1990 வரை இந்நோய் கண்ட 561 பேரில் கால்பங்கினரே அறுவைக்கு உள்ளாயினர். இறுதிக் கணிப்பில் 90 விழுக்காட்டினர் தொல்லையின்றியோ சிறு தொல்லையோடோ இருந்தனர். ஸ்வீடனில் 81 பேரிடம் நடந்து 1997இல் வெளியான ஒப்பாய்வில், அறுவை விரைவில் வலியைத் தணித்ததேயன்றி, ஓராண்டுக்குப் பின் இயன்முறைச் சிகிச்சையைவிட மேலாக நிற்கவில்லை. எனினும் கையின் வலு நாளுக்கு நாள் குறைவது, நடை தள்ளாடுவது, சட்டைப் பொத்தானைப் போட விரல்கள் மறுப்பது, சிறுநீர் கட்டுப்படாமை ஆகியவை தோன்றினால் தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

கழுத்துப் பட்டையைக் காலமெல்லாம் அணிய வேண்டும் என்பது தவறு. நெதர்லாந்தின் 2009ஆம் ஆண்டு ஆய்வில் அது முதல் ஆறு வாரங்களுக்குப் பயன்பட்டது, ஆறு மாதத்தில் பட்டை அணிந்தவருக்கும் அணியாதவருக்கும் வேறுபாடில்லை. தலையணையை எறிந்தால் டிஸ்க் உள்ளே போய்விடாது. சலூனில் கழுத்தைச் சொடுக்குவது வைத்தியமன்று. கழுத்துத் தமனி கிழிந்து பக்கவாதம் வரக்கூடும்.

உலகெங்கும் நுண்துளை அறுவை பற்றிய கட்டுரைகள் பெருகுகின்றன. அவை பெரும்பாலும் எந்த நுட்பம் சிறந்தது என்று வினவுகின்றனவே தவிர, அறுவை தேவையா என்று வினவுவதில்லை. ஆகவே அவ்வினா நோயாளிக்கே எழும்வண்ணம், ஒவ்வொரு ஸ்கேன் அறிக்கையிலும், இம்மாற்றம் இவ்வயதில் நலமாயுள்ளோரிடமும் காணப்படுவதே என்னும் குறிப்பைத் தமிழில் அச்சிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். ஒரு வரி கூடுவதால் எந்த ஸ்கேன் மையமும் நொடித்துவிடாது.