நாள் குறிக்கும் முன் ஆள் குறியுங்கள்

கேள்வி: எனக்கு 36 வயது. உயரம் 158 செ.மீ., எடை 108 கிலோ. நாலு வருடமாகச் சர்க்கரை. மாடி ஏறினால் முட்டி வலி, படுத்தால் குறட்டை. ஐந்தாவது படிக்கும் மகள், மூன்று வயது மகன். கணவருக்கு மணலியில் ஒரு கம்பெனியில் காண்டிராக்ட் ஷிப்ட் வேலை. போன மாதம் பையன் கையை உதறிக்கொண்டு தெருமுனைக்கு ஓடிவிட்டான். அதைத் தாண்டினால் டிரெய்லர் லாரிகள் போகும் ரோடு. என்னால் ஓடிப் பிடிக்க முடியவில்லை. டிபன் கடைக்காரர்தான் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். அன்று ராத்திரி முழுக்க நான் தூங்கவில்லை. டயட், நடை, கஞ்சி, பொடி எல்லாம் பார்த்தாகிவிட்டது. பத்து கிலோ குறையும், பன்னிரண்டு ஏறும். ஒரு தனியார் மருத்துவமனையில் இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷனுக்கு மூன்றரை லட்சம் சொல்லி, அடுத்த வாரமே வந்து சேரச் சொல்கிறார்கள். நகையை வைத்தால் புரட்டிவிடலாம். மாமியார், "சாப்பாட்டைக் குறைச்சா போச்சு, இதுக்குப் போய் வயித்தைக் கிழிச்சுக்குவாங்களா? புள்ளைங்களை நெனச்சுப் பாத்தியா?" என்கிறார். பம்மலில் ஒரு பையன் இதே ஆபரேஷனில் இறந்த செய்தியைக் கணவர் போனில் எடுத்துக் காட்டுகிறார். செய்துகொள்ளலாமா, வேண்டாமா?
– பெயர் வேண்டாம், மணலி புதுநகர்

பதில்: உங்கள் மாமியார் கேட்டதில் பாதி சரி. பிள்ளைகளை நினைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஆனால் பிள்ளைகளை நினைத்தால் இந்த ஆபரேஷனே கூடாது என்று அவர் முடிப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் கணக்கு. உங்கள் உயரத்துக்கும் எடைக்கும் பி.எம்.ஐ. 43 வருகிறது. உலக அளவிலான பருமன் அறுவை சிகிச்சைச் சங்கங்கள் 2022-ல் திருத்திய வழிகாட்டுதலின்படி, 35-க்கு மேல் இருந்தால் வேறு நோய் இல்லாவிட்டாலும் இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம். ஆசியர்களுக்கு இன்னும் குறைவான எடையிலேயே சர்க்கரை வந்துவிடுவதால் நமக்கு எல்லை 27.5. நீங்கள் அதையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டீர்கள். அழகுக்காக ஆசைப்படுகிறீர்கள் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

"சாப்பாட்டைக் குறைச்சா போச்சு" என்பது சொல்ல எளிது. எடை குறையக் குறைய உடம்பு அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொள்கிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு கூடுகிறது, எரிசக்திச் செலவு குறைகிறது. பத்து குறைந்து பன்னிரண்டு ஏறியது உங்கள் மனஉறுதியில் உள்ள ஓட்டையால் அல்ல. ஸ்லீவ் எனப்படும் ஆபரேஷனில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கிறார்கள்; கிரெலின் அதிகம் சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடுகிறது. மிஞ்சுவது ஒரு குழாய். டீக்கடைக் கண்ணாடி கிளாஸ் ஒன்றில் பிடிப்பதுதான் அதிலும் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றைக் கிழிப்பதில்லை; நாலைந்து சின்னத் துளைகள் போதும். பைபாஸ் என்று இன்னொன்று உண்டு. அதில் இரைப்பையைச் சின்னதாக்கிக் குடலோடு நேரே இணைப்பார்கள். சர்க்கரை நீண்ட நாளாக இருந்தாலோ நெஞ்செரிச்சல் கடுமையாக இருந்தாலோ பைபாஸ் பொருந்தலாம். எது என்பதை எண்டோஸ்கோப்பி பார்த்த பிறகு சர்ஜன் சொல்லட்டும்.

அடுத்து, கணவரின் பயம். 2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் போய் உயிரிழந்தார். அரசு விசாரணைக் குழு அமைத்தது. அந்தச் செய்தியை மறந்துவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். அனுபவமுள்ள மையங்களில் இந்த ஆபரேஷனில் உயிர் போகும் ஆபத்து ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவில்தான், பித்தப்பை ஆபரேஷனை ஒட்டியதுதான். ஆனால் அந்த ஒருவருக்கு இரண்டு பிள்ளைகள் இருந்தால் புள்ளிவிவரம் ஆறுதல் தராது. மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிய ஆய்வு ஒன்றில் ஆபரேஷன் செய்துகொண்ட ஏறத்தாழ இரண்டாயிரம் பேரையும், செய்துகொள்ளாமல் அதே மாதிரி பருமனாக இருந்தவர்களையும் வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். செய்துகொண்டவர்களிடம் மரணம் குறைவாக இருந்தது. சும்மா இருப்பதிலும் ஆபத்து உண்டு. அது மெதுவாக வருவதால் செய்தியில் வராது, அவ்வளவுதான்.

எனக்கு உறுத்துவது "அடுத்த வாரமே வாங்க" என்பதுதான். சர்க்கரையும் குறட்டையும் உள்ள 108 கிலோ உடம்பை ஒரு வாரத்தில் தயார் செய்ய முடியாது. தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று பரிசோதிக்க வேண்டும். எண்டோஸ்கோப்பி, மயக்க மருந்து நிபுணரின் சோதனை, மனநல ஆலோசனை, உணவியல் நிபுணரோடு ஓரிரு சந்திப்பு எல்லாம் முடிய வேண்டும். கல்லீரலின் கொழுப்பு வற்ற இரண்டு வாரமாவது குறைந்த கலோரி உணவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வீங்கிய கல்லீரல் சர்ஜனின் பார்வையை மறைக்கும். நேரே கேளுங்கள்: இந்தக் கட்டடத்துக்குள்ளேயே முழு வசதியுள்ள ஐ.சி.யு. இருக்கிறதா? இந்த சர்ஜன் வருடத்துக்கு எத்தனை செய்கிறார்? வீட்டுக்கு வந்த பிறகு ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு படபடத்தால் போனை எடுப்பது யார்? முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

நகையை அடகு வைக்கும் முன் இரண்டு மூன்று வாசலைத் தட்டிப் பாருங்கள். ஸ்டான்லியும் சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையும் உங்களுக்கு எட்டும் தூரம்தான். அங்கே இரைப்பை, குடல் அறுவை சிகிச்சைப் பிரிவின் வெளிநோயாளர் பகுதியில் காட்டுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அந்தத் திட்ட மேசையிலும் விசாரியுங்கள். கணவரின் சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா? இருந்தால் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் அது, டிஸ்பென்சரியில் கேளுங்கள். தனியார் ஹெல்த் பாலிசி ஏதாவது போட்டிருந்தால், பி.எம்.ஐ. 40-ஐத் தாண்டி, மற்ற வழிகள் பலிக்காமல், டாக்டரின் பரிந்துரையோடு செய்துகொள்ளும் ஆபரேஷனை "எடைக் குறைப்புக்குப் பணம் கிடையாது" என்ற விதியைக் காட்டி மட்டும் தள்ளிவிட முடியாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வகுத்த விதி அப்படி. காத்திருப்புக் காலம் முடிந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் முன் வீட்டில் ஆள் குறியுங்கள்.

இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆபரேஷனான அன்றே எழுந்து நடப்பீர்கள். பார்க்கிறவர்களுக்கு "நல்லாத்தானே இருக்கா" என்று தோன்றும். ஆனால் நாலு முதல் ஆறு வாரம் கனமான எதையும் தூக்கக் கூடாது. கேஸ் சிலிண்டர், தண்ணீர்க் குடம் மட்டுமா? உங்கள் வீட்டில் பதினான்கு பதினைந்து கிலோவில் ஒருவன் காலைக் கட்டிக்கொண்டு "தூக்கு" என்பானே, அவனையும்தான். அவனைக் குளிப்பாட்டுவது யார், கணவர் நைட் ஷிப்டில் இருக்கும்போது ராத்திரி எழுந்து பார்ப்பது யார், மகளைப் பள்ளிக்கு அனுப்புவது யார்? இதற்கெல்லாம் "பார்த்துக்கலாம்" என்ற பதில் போதாது. பெயர் வேண்டும். இரண்டு வாரம் உங்கள் அம்மா, அடுத்த இரண்டு வாரம் நாத்தனார் என்று காலண்டரில் எழுதி ஒட்டிவிட்டு, பிறகு சர்ஜனிடம் தேதி கேளுங்கள். பையன் மடியில் ஏற வேண்டுமா? நீங்கள் கட்டிலில் உட்கார்ந்துகொள்ளுங்கள், அவனாக ஏறிப் பக்கத்தில் படுக்கட்டும். ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பே இதைப் பழக்கிவிட்டால் அன்றைக்கு அழ மாட்டான்.

அந்தத் தேதி நவம்பரிலோ டிசம்பரிலோ வர வேண்டாம். 2021 நவம்பரில் பூண்டி உபரிநீர் கொசஸ்தலையாற்றில் வந்தபோது உங்கள் பகுதி எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தையல் போட்ட இடத்தில் கசிவு வருமானால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் வரும். நாடித் துடிப்பு குறையாமல் நூற்றுப் பத்து, நூற்றிருபது என்று ஓடுவது, காய்ச்சல், வயிற்று வலி, இடது தோள்பட்டை வலி, மூச்சு வாங்குவது, ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைச் சதை வலிப்பது: இதில் எது வந்தாலும் காலை வரை பொறுக்கக் கூடாது. அந்த நேரத்தில் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கக் கூடாது.

சாப்பாட்டை மருத்துவமனையில் அச்சடித்துத் தருவார்கள். முதல் இரண்டு வாரம் நீராகாரம், பிறகு மசித்தது, பிறகு குழைந்தது, ஒன்றரை இரண்டு மாதத்தில் வழக்கமான உணவு. அந்தத் தாளில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பிள்ளைகள் மிச்சம் வைத்த தட்டு. என்னிடம் வந்த ஒரு தாய், பத்தாம் நாள், மகன் கடித்து வைத்த அரை இட்லியை "வீணாப் போகுதே" என்று வாயில் போட்டார். பசியில்லை, ஆசையும் இல்லை. பத்து வருடக் கைப்பழக்கம். அரை மணி நேரத்தில் வாந்தி எடுத்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். ஆகவே முதல் இரண்டு மாதம் பிள்ளைகளின் தட்டை நீங்கள் கழுவ வேண்டாம். மாமியார் கழுவட்டும், அல்லது மகள் மிச்சத்தை ஒரு டப்பாவில் கொட்டிவிட்டுத் தட்டைப் போடட்டும்.

மகள் என்றதும் ஒன்று. அவளிடம் மறைக்காதீர்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு வீட்டில் நடக்கும் குசுகுசுப்பு முழுக்கக் கேட்கும்; பம்மல் செய்தியையும் அவள் பார்த்திருப்பாள். "அம்மாவுக்குச் சர்க்கரை, முட்டி வலி எல்லாம் குறைய வயித்துல ஒரு ஆபரேஷன், மூணு நாள்ல வந்துடுவேன், கொஞ்ச நாள் கொஞ்சமாத்தான் சாப்பிடுவேன்" என்று சொன்னால் போதும். "அம்மா குண்டா இருக்கேன்ல, அதான்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நாளைக்கு அவள் கண்ணாடி முன் நின்று தன் இடுப்பைப் பிடித்துப் பார்ப்பாள்.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவரா என்று எழுதவில்லை. இல்லையென்றால் இந்த ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்றரை வருடம் வரை கரு தங்கக் கூடாது. எடை குறைந்ததும் கருத்தரிக்கும் வாய்ப்பு சட்டென்று கூடும். பைபாஸ் என்றால் கருத்தடை மாத்திரையையும் முழுக்க நம்ப முடியாது. காப்பர்-டி பற்றி இப்போதே பேசுங்கள். சர்க்கரை மாத்திரையின் அளவை டாக்டர்தான் மாற்ற வேண்டும். ஆபரேஷனான சில நாளிலேயே சர்க்கரை இறங்கும், பழைய அளவைப் போட்டால் மயங்கி விழவும் நேரலாம். முட்டி வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மாத்திரைகளை விட்டுவிடுங்கள், இரைப்பையில் புண் வரும். பி12, இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளும் ரத்தப் பரிசோதனையும் ஆயுளுக்கும் உண்டு. அந்தச் செலவையும் மூன்றரை லட்சத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

ஊசி போட்டால் போதாதா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். மவுன்ஜாரோவும் வெகோவியும் 2025-ல் இந்தியாவுக்கு வந்துவிட்டன. நல்ல மருந்துகள்தான். நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பி வரும். மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். டாக்டரிடம் அதையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். என் கருத்தைக் கேட்டால், செய்துகொள்ளலாம். அடுத்த வாரம் அல்ல, வேறொரு இடத்தில் இரண்டாவது கருத்துக் கேட்டு, மழை முடிந்து, காலண்டரில் பெயர்கள் நிரம்பிய பிறகு.

கேள்வி: என் மனைவிக்கு ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து நாலு மாதம். 22 கிலோ குறைந்திருக்கிறது. ஆனால் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. பிள்ளையிடம் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள், ராத்திரி தனியாக அழுகிறாள். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு வைத்து எங்களுக்குப் பரிமாறிவிட்டு, தான் அடுப்படியிலேயே நிற்கிறாள். அவள் எதிரே சாப்பிடவே எனக்குக் குற்ற உணர்வாக இருக்கிறது.
– ஒரு கணவர், எண்ணூர்

பதில்: முடியைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். வேகமாக எடை குறையும் பலருக்கும் மூன்றாம் மாதத்திலிருந்து கொட்டும், புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் ஒரு வருடத்துக்குள் திரும்ப முளைக்கும். ரத்தம் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

அழுகையைத் தள்ளிப்போட வேண்டாம். எத்தனையோ வருடமாகக் கவலைக்கும் களைப்புக்கும் சாப்பாடுதான் அவருக்குத் துணை. அந்தத் துணை ஒரே நாளில் போய்விட்டது. இது நன்றிகெட்டதனம் இல்லை, நடிப்பும் இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல டாக்டரிடம் அழைத்துப் போங்கள். ஆபரேஷன் செய்த இடத்திலும் சொல்லுங்கள். அடிக்கடி வாந்தி எடுக்கிறாரா என்றும் கேளுங்கள். வாந்தியோடு நடை தள்ளாடினாலோ, ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ, பி1 சத்துக் குறைவாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அந்த மீன் குழம்பு விஷயத்துக்கு வருகிறேன். நாலாம் மாதத்தில் அவருக்கு அதில் எதுவும் தடையில்லை. சொல்லப் போனால் வீட்டிலேயே அந்த மீன் அதிகம் தேவைப்படுவது அவருக்குத்தான். நாளுக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். நூறு கிராம் மீனில் ஏறத்தாழ 20 இருக்கிறது. சோறுதான் காத்திருக்க வேண்டும். பரிமாறும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அவரை முதலில் உட்கார வையுங்கள். குழந்தைக்கு வைக்கும் சின்னத் தட்டில், முள் எடுத்த ஒரு துண்டு, மேலே காரம் குறைவாகக் கொஞ்சம் குழம்பு. தண்ணீர்ச் சொம்பைத் தள்ளி வையுங்கள், சாப்பிட்டு அரை மணி கழித்துக் குடிக்கட்டும். அவர் அந்தத் துண்டை முடிக்க இருபது நிமிடமாகும். நீங்களும் பிள்ளையும் அதுவரை எழுந்திருக்காதீர்கள்.