சிற்றுயிர்க்கு ஓர் இல்லம்

உயிர்கள் யாவும் உறைவிடம் நாடுகின்றன. பனையோலையின் நுனியில் தூக்கணாங்குருவி கூடு பின்னுகின்றது. மரப்பொந்தில் கிளி தங்குகின்றது. உள்ளே வாழும் உயிரின் தேவையே கூட்டின் வடிவை வரையறுக்கின்றது. மனிதன் தான் வளர்க்கும் உயிர்க்கு இல்லம் அமைக்கும்போதும் இவ்வுண்மையை மறத்தல் ஆகாது.

குமரி மாவட்டத்தில் தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களை உள்ளடக்கிய வளநாடு நாஞ்சில் நாடு. அங்கு வயலும் தோப்பும் சூழ்ந்த வீடுகளில் கோழி வளர்த்தல் தொன்றுதொட்ட வழக்கம். குஞ்சுகளையும் தாய்க்கோழியையும் பஞ்சாரத்தால் மூடிவைப்பர். அதன் இடைவெளிகளில் காற்று தடையின்றி உலவும். காக்கையும் பருந்தும் அணுக இயலா. இந்நாளில் பஞ்சாரம் அருகி வருகின்றது. தாயின்றிக் குஞ்சுகளை மட்டும் விலைக்கு வாங்கி வளர்ப்போரும் உளர். அத்தகையோர்க்கு, வீட்டில் பண்டங்கள் வைக்கப் பயன்படும் நெகிழிப் பெட்டியே, அதாவது பிளாஸ்டிக் பெட்டியே, குஞ்சுகளின் முதல் இல்லமாக உதவும்.

நாஞ்சில் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் சிறுவன் ஒருவன் ஐந்து கோழிக்குஞ்சுகளை வாங்கி வந்தான். அவற்றை நெகிழிப் பெட்டி ஒன்றில் இட்டு, மூடியில் ஆணியால் நான்கு துளைகள் குத்தி, அழுந்த மூடினான். குளிர் தாக்காதிருக்க வேண்டும் என்பது அவன் எண்ணம். நண்பகலில் பெட்டியிலிருந்து ஒலி எழவில்லை. ஐயுற்ற ஆச்சி விரைந்து மூடியைத் திறந்தாள். குஞ்சுகள் வாய் பிளந்து, சிறகு தளர்ந்து கிடந்தன. பெட்டியின் உட்சுவரில் நீர்த்துளிகள் அரும்பியிருந்தன. அவற்றை நிழலில் வைத்து நீர் காட்டினாள். சிறிது நேரத்தில் அவை தலை நிமிர்ந்தன. ஆச்சி சிறுவனை நோக்கி, “மக்களே, கோழியின் சிறகுக்குள் சூடும் உண்டு, காற்றும் உண்டு. உன் பெட்டியில் சூடு மட்டுந்தானே இருந்தது?” என்றாள். சிறுவன் நாணித் தலை கவிழ்ந்தான். அன்று மாலையே இருவரும் அப்பெட்டியைத் திருத்தி அமைக்கத் தொடங்கினர்.

ஐந்து குஞ்சுகளுக்கு முதல் இரண்டு வாரம் ஏறத்தாழ 60 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் உள்ள பெட்டி போதும். மூடியின் நடுப்பகுதியைப் பெரியோர் துணையோடு வெட்டி நீக்கி, அவ்விடத்தில் நெருங்கிய கண்களையுடைய கம்பிவலையைத் திருகாணிகளால் பொருத்துதல் வேண்டும். கம்பி முனைகள் குஞ்சுகளைக் குத்தாதவாறு வெளிப்புறம் மடக்கப்பெறல் வேண்டும். பக்கச் சுவர்களின் மேற்பகுதியில் காற்றுத் துளைகள் இடுதல் நன்று. தரையில் உலர்ந்த உமியை இரண்டு விரற்கடை உயரம் பரப்பி, முதல் சில நாள் அதன்மீது சாக்குத்துணி விரித்தல் வேண்டும். வழுவழுப்பான தாளை விரித்தால் குஞ்சுகளின் கால்கள் சறுக்கி வளையும். நீர்த்தட்டில் கூழாங்கற்கள் இட்டால் குஞ்சுகள் மூழ்கா.

முதல் வாரம் குஞ்சுக்கு ஏறத்தாழ 35 பாகை செல்சியசு வெப்பம் தேவை. பின்னர் வாரந்தோறும் 3 பாகை அளவு குறைத்துவரலாம். இதற்கு இழை எரியும் குண்டு விளக்கே ஏற்றது; இக்காலத்து எல்.இ.டி. விளக்கு ஒளி தருமேயன்றிப் போதிய வெப்பம் தாராது. விளக்கைப் பெட்டியின் ஒரு கோடியில், வலைக்கு மேலே, உறுதியாகத் தொங்கவிடல் வேண்டும். அது நெகிழியைத் தொட்டால் பெட்டி உருகும், தீயும் பற்றக்கூடும். மறுகோடி குளிர்ச்சியாக இருத்தல் இன்றியமையாதது. குஞ்சுகள் விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கினால் குளிர் மிகுதி. விலகி ஓடி வாய் பிளந்தால் வெப்பம் மிகுதி. எங்கும் பரவி மேய்ந்தால் அளவு பொருத்தம். பேசவியலா உயிர்கள் இவ்வாறு தம் குறையைத் தெரிவிக்கின்றன. காண்பதற்குக் கண்ணும் கருத்தும் வேண்டும்.

நெகிழி நீரை உறிஞ்சாது. ஆதலின் கழுவுதல் எளிது. ஆயினும், நனைந்த உமியின் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி நோய் விளைக்கும். இரு பருவமழையும் பெறும் குமரி மாவட்டத்தில் இதனை மறத்தல் கூடாது. நனைந்த உமியை நாள்தோறும் மாற்றுதல் வேண்டும். பெட்டியை வெயிலில் வைத்தல் எக்காலும் ஆகாது.

குஞ்சுகள் வளர வளர இல்லமும் வளர்தல் வேண்டும். விலங்குகள் நலத்தின்பொருட்டு மாநிலங்களவையில் மசோதா கொணர்ந்தவர், கலாசேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். பின்னர் 1960 ஆம் ஆண்டில் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. உயிர் ஒன்றை அது அசைந்து இயங்கப் போதிய உயரமும் நீளமும் அகலமும் இல்லாத கூண்டில் அடைப்பது அச்சட்டப்படி குற்றம். கிளி முதலிய காட்டுப் பறவைகளைப் பிடித்து வளர்த்தலை 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கின்றது. சுசீந்திரம், தேரூர்க் குளங்களில் விரும்பிய வண்ணம் திரியும் பறவைகளுக்கு அந்நீர்நிலைகளே இல்லம்.

நான்கு வாரம் சென்றபின் சிறுவனின் குஞ்சுகள் சிறகு முளைத்து முற்றத்துக் கூட்டிற்கு மாறின. பெட்டி மீண்டும் வெறும் பெட்டியாயிற்று. உயிரை அடைத்து வைக்கப் பெட்டி போதும். வாழவைக்க அருளும் அறிவும் வேண்டும் என்பதனை அச்சிறுவன் உணர்ந்தான்.

வினாக்கள்

1. பஞ்சாரத்தின் சிறப்பு யாது?
2. சிறுவன் செய்த பிழை யாது? ஆச்சி அதனை எவ்வாறு உணர்த்தினாள்?
3. குஞ்சுகளின் நடத்தையால் வெப்பநிலையை அறிவது எங்ஙனம்?