கிணற்றில் தொங்கும் இரட்டைப் பானை

மழைக்காலம் தொடங்கியதும் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். முதல் நாள் நீரில் மூக்கைத் துளைக்கும் நெடி, குடிக்கவே பிடிக்காது. இரண்டு மூன்று நாளில் நெடி போய்விடும். "அப்பாடா, தண்ணீர் சரியாகிவிட்டது" என்கிறோம். ஆனால் கிணறு காவல் இழந்தது அன்றுதான்! காலரா, டைபாய்டு கிருமிகள் மழைநீரோடு ஊறி வந்தால் அவற்றைக் கொல்ல நீரில் குளோரின் மிச்சமில்லை.

அது எங்கே போயிற்று? சலவைத்தூள் நீரில் கரையும்போது ஹைப்போகுளோரஸ் அமிலம் உண்டாகிறது. மின்னேற்றம் இல்லாத இம்மூலக்கூறு கிருமியின் செல்சுவரைக் கடந்து எளிதில் உள்ளே புகும். ஆனால் அது கிருமியை மட்டும் தேடிச் செல்வதில்லை. அழுகிய இலை, பாசி, அம்மோனியா, இரும்பு ஆகிய எல்லாவற்றோடும் வினைபுரிந்து தீர்கிறது. வெயிலும் அதைச் சிதைக்கிறது. நாம் இறைக்கும் நீருக்கு ஈடாகக் குளோரின் இல்லாத புது ஊற்றுநீர் வேறு வந்து சேர்கிறது. ஆகவே, கிருமிகளைக் கொன்றபின்னும் லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவு குளோரின் எஞ்சி நிற்கவேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். கிணற்றின் விட்டம் 1.5 மீட்டர், நீரின் ஆழம் 2.5 மீட்டர். கொள்ளளவு சுமார் 4,400 லிட்டர். லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் சேர்க்க 4.4 கிராம் தேவை. புதிய தூளில் மூன்றில் ஒரு பங்கே பயன்படும் குளோரின். எனவே சுமார் 13 கிராம் தூள். டப்பாவைத் திறந்தே வைத்திருந்தால் இந்தக் கணக்குச் செல்லாது. தூள் வீரியம் இழந்திருக்கும்.

ஆனால் தினமும் 13 கிராம் நிறுத்துப் போட யாருக்குப் பொறுமை உண்டு? மொத்தமாக 1 கிலோவைக் கொட்டினாலோ லிட்டருக்கு 75 மில்லிகிராம் ஆகிவிடும்! இதற்கு நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் (நீரி) கண்ட வழி, குயவர் செய்யும் இரண்டு மண்பானைகள்தான்.

1 கிலோ தூளையும் 2 கிலோ பருமணலையும் ஈரமாகக் கலந்து சிறு பானையில் நிரப்புகிறார்கள். அதன் விளிம்பருகே 1 செ.மீ. அகலத்தில் ஒரு துளை. இதைப் பெரிய பானைக்குள் வைக்கிறார்கள். பெரிய பானையிலும் அதே அளவுத் துளை. ஆனால் அடியிலிருந்து 4 செ.மீ. உயரத்தில். வாயைப் பாலிதீன் தாளால் கட்டி, நீர்மட்டத்துக்கு 1 மீட்டர் கீழே தொங்கவிடுகிறார்கள்.

துளைகள் ஏன் மேலும் கீழுமாக இருக்கின்றன? குளோரின் கரைசல் உட்பானையின் மேல்துளை வழியே வெளியேறி, இடைவெளியில் இறங்கி, வெளிப்பானையின் கீழ்த்துளையை அடைந்தால்தான் கிணற்றில் கலக்கும். மணலும் கசிவை மந்தப்படுத்துகிறது. ஒற்றைப் பானை சிறு கிணற்றில் குளோரினை அளவுக்கு மீறிச் சேர்த்துவிடும். இரட்டைப் பானையோ, நாளுக்கு 400 லிட்டர் இறைக்கும் வீட்டுக் கிணற்றில் இரண்டு மூன்று வாரம் வேலை செய்யும். (வாளி மோதிப் பானை உடையாமல் ஓர் ஓரமாகத் தொங்கவிடுவது நல்லது. கோடையில் நீர் இறங்கினால் கயிற்றையும் இறக்கவேண்டும்.)

குளோரின் எஞ்சியிருக்கிறதா என்று பள்ளி ஆய்வகத்திலேயே பார்க்கலாம். ஒரு கண்ணாடிக் குவளைக் கிணற்று நீரில் சில துளி வினிகர், சிறிது பொட்டாசியம் அயோடைடு, ஆறிய கஞ்சித்தண்ணீர் சேருங்கள். குளோரின் இருந்தால் அயோடின் பிரிந்து நீர் நீலமாகும். சோதித்த நீரைக் குடிக்காமல் கொட்டிவிடுங்கள். அமிலத்தைத் தூளின்மீது மட்டும் ஊற்றிவிடாதீர்கள். நச்சுக் குளோரின் வாயு கிளம்பும். பானையை நிரப்புவதும் பெரியவர்கள் வேலை.

நீலம் தோன்றாத நாளில், பானையை மேலே தூக்கித் தூளை மாற்றவேண்டும்.