வீட்டுக் கம்ப்யூட்டரில் விமான பிளானைப் பெரிதாக்குவது எப்படி?

கம்ப்யூட்டருடன் ஸ்கேனரும் பிரிண்டரும் சேர்த்து வாங்கியவர்களில் பலர், ஆதார் கார்டையும் மார்க் ஷீட்டையும் நகல் எடுப்பதோடு நின்றுவிடுகிறார்கள். இந்த மூன்றையும் வைத்து உருப்படியான ஒரு வேலையைச் செய்ய முடியும். பால்சா மரத்தில் செய்யும் ரேடியோ கண்ட்ரோல் விமானத்தின் பிளானை எடுத்து, நமக்கு வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கி, சாதாரண ஏ4 தாள்களிலேயே அச்சிட்டு ஒட்டிக் கொள்ளலாம். இதை நான் இரண்டு முறை செய்தேன். முதல் முறை செய்தது தவறு. அதனால் ஒரு சிறுவனுக்கு அடிபட இருந்தது. அந்தத் தவறிலிருந்தே பாடத்தைத் தொடங்குகிறேன்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். விமானம் செய்வது ஞாயிற்றுக்கிழமை வேலை. ஒரு மீட்டர் இறக்கை கொண்ட பயிற்சி விமானம் ஒன்றை நானும் என் அக்கா மகனும் ஒரு வருடம் பறக்கவிட்டோம். எடை 540 கிராம். நன்றாகப் பறந்தது. ஆனால் பாலாற்று மணலில் மதியக் காற்று எழும்பினால் காகிதம் போல் அலைக்கழியும். கொஞ்சம் தூரம் போனால் எந்தப் பக்கம் திரும்புகிறது என்றே தெரியாது. "மாமா, இதையே பெரிசா செஞ்சா என்ன?" என்று அவன் கேட்டான். கேள்வி சரியானதுதான். பெரிய விமானம் காற்றில் நிதானமாக நிற்கும், தூரத்திலும் கண்ணுக்குத் தெரியும்.

பிளானைத் துண்டு துண்டாக ஸ்கேன் செய்தேன். 150 சதவீதம் என்று கொடுத்தேன். அச்சிட்டேன். பிளானில் இருந்தபடியே எல்லாவற்றையும் ஒன்றரை மடங்காக்கினேன், மரத்தின் தடிமனையும்தான். விமானம் 1,900 கிராம் வந்தது. கை ஓங்கி எறிந்த வேகத்தில் எழும்பியது. முதல் திருப்பத்திலேயே மூக்கைக் கீழே போட்டது. நான் பயந்து மேலே இழுத்தேன். 'டப்' என்று ஒரு சத்தம். இறக்கை நடுவில் மடிந்துவிட்டது. ஆடு மேய்த்துக் கொண்டிருந்த ஒரு சிறுவனுக்குப் பத்தடி தள்ளி மணலில் குத்தி நின்றது. அவன் சிரித்தான். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஷூவில் இருந்த விடை

மறுநாள் உடைந்த துண்டுகளைக் கம்பெனிக்கு எடுத்துப் போனேன். எங்கள் பேட்டர்ன் மாஸ்டரிடம் காட்டினேன். நாற்பது வருடமாக அட்டையில் ஷூ வெட்டுகிறவர். (எங்கள் ஊரில் 'கிளிக்' என்றால் மவுஸ் அல்ல, தோல் வெட்டுவது. வெட்டுகிறவர் கிளிக்கர்.) பிளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, தையல் மார்ஜினையும் சேர்த்துப் பெருசு பண்ணிட்டீங்களே!"

"இதுல தையல் எங்கே பாய் இருக்கு?"

"தையல் இல்லேன்னா ஆணி ஓட்டை, கட்டை கோக்குற பள்ளம், ஏதோ ஒண்ணு இருக்குமில்ல? அது எல்லாம் பெருசாகாது தம்பி."

அவர் சொன்னதைப் புரிந்துகொள்ள ஷூ அளவுகளைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஐரோப்பிய அளவில் ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் உள்ள வித்தியாசம் சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 6.67 மில்லிமீட்டர். இங்கிலாந்து அளவில் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, 8.46 மில்லிமீட்டர். 42 நம்பர் பேட்டர்னை 45 ஆக்கும்போது நீளம் 20 மில்லிமீட்டர் கூடும். அகலம் அதே கணக்கில் கூடாது. அதற்குத் தனிக் கணக்கு. தோலின் தடிமன் கூடவே கூடாது. கயிறு கோக்கும் ஓட்டையும் தையல் மார்ஜினும் அப்படியே இருக்கும். இந்த வேலைக்கு 'கிரேடிங்' என்று பெயர். இப்போது கம்ப்யூட்டரில் செய்தாலும், எது வளர வேண்டும், எது வளரக் கூடாது என்று ஆள்தான் முதலில் சொல்லித் தர வேண்டும். நீளத்தை வைத்து அகலத்தை ஊகிக்க முடியாது என்பதால்தான், 1948-இல் தொடங்கிய சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரின் பாதங்களை அளந்தது. இந்தியர்களின் பாதம் பொதுவாக ஐரோப்பியர்களின் பாதத்தை விட அகலம் என்று தெரிந்தது. 'ப' என்ற பெயரில் இந்தியாவுக்கென்று தனி அளவு முறை வகுக்கப்பட்டது அந்த ஆய்விலிருந்துதான்.

விமானத்துக்கும் இதே கதை. நாம் பெரிதாக்கினாலும் காற்று பெரிதாவதில்லை. கடையில் விற்கும் மரமும் சர்வோ மோட்டாரும் பெரிதாவதில்லை.

கணக்கை முதலில் போடுங்கள்

அளவு 1.5 மடங்கானால் இறக்கையின் பரப்பு 1.5 x 1.5 = 2.25 மடங்கு. எடையோ, எல்லாத் தடிமனும் சேர்ந்து வளர்ந்தால், 1.5 x 1.5 x 1.5 = 3.375 மடங்கு. இங்குதான் மாட்டிக் கொள்கிறோம். என் சிறிய விமானத்தின் இறக்கை 100 செ.மீ. நீளம், 18 செ.மீ. அகலம், பரப்பு 18 சதுர டெசிமீட்டர். ஒரு சதுர டெசிமீட்டர் இறக்கை 30 கிராம் சுமந்தது. பெரியதன் பரப்பு 40.5. அதில் 1,900 கிராம் என்றால் 47 கிராம். அது விழாமல் பறக்க வேண்டிய குறைந்தபட்ச வேகம் சுமார் 25 சதவீதம் கூடிவிட்டது. பழைய விமானத்தின் வேகத்திலேயே நான் திருப்பினேன், விழுந்தது.

இறக்கை ஏன் மடிந்தது? எடை 3.375 மடங்கு, இறக்கையின் நீளம் 1.5 மடங்கு, ஆக, இறக்கையை வளைக்கும் விசை சுமார் 5 மடங்கு. ஆனால் 1.5 மடங்கு தடித்த அதே பால்சாக் கட்டைக்கு 3.375 மடங்கு பலம்தான் வரும். மீதிக்கு எங்கே போவது? தடிமனைக் கூட்டினால் மட்டும் போதாது. மரத்தையே மாற்ற வேண்டும்.

இதற்கு ஒரு சிறிய ஒர்க் ஷீட் போதும். எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க், எதுவானாலும் சரி. முதல் நெட்டுவரிசையில் பாகத்தின் பெயர். இரண்டாவதில் பிளானில் உள்ள தடிமன். மூன்றாவதில் இரண்டாவதை 1.5-ஆல் பெருக்கும் பார்முலா. அதை ஒரு கட்டத்தில் அமைத்து, கட்டத்தின் வலது கீழ் மூலையை மவுஸால் பிடித்து இழுத்தால் எல்லா வரிக்கும் கணக்கு வந்துவிடும். நான்காவதில், கடையில் கிடைக்கும் அளவு. இந்த நான்காவது வரிசைதான் முக்கியம். அதை நீங்களேதான் நிரப்ப வேண்டும்.

பால்சா பலகை பெரும்பாலும் 1/16, 3/32, 1/8, 3/16, 1/4 அங்குலத் தடிமன்களில் கிடைக்கிறது. 1/16-ஐ ஒன்றரை மடங்காக்கினால் சரியாக 3/32. 1/8-ஐ ஆக்கினால் சரியாக 3/16. ஆனால் 3/16-ஐ ஆக்கினால் 9/32. அப்படி ஒரு பலகையை நான் எந்தக் கடையிலும் பார்க்கவில்லை. எனவே எத்தனை சதவீதம் பெரிதாக்குவது என்று முடிவு செய்யும் முன் இந்த வரிசையைப் பாருங்கள். 137 சதவீதம், 160 சதவீதம் என்று ஆசைக்கு வைத்தால் ஒரு பலகையும் பொருந்தாது.

இரண்டாவது முறை நான் நிரப்பியது இது. இறக்கை விலா எலும்புகள் 1/16-லிருந்து 3/32. உடம்பின் பக்கப் பலகைகள் கணக்குப்படி 3/16 வர வேண்டும். 1/8-லேயே நிறுத்தி, மூக்குப் பகுதியில் மட்டும் உள்ளே இன்னொரு பலகை ஒட்டினேன். எடை குறைந்தது பெரும்பாலும் இங்கேதான். இறக்கையின் முதுகெலும்புக் கட்டைகள் பால்சாவுக்குப் பதில் 1/4 அங்குல பைன் குச்சி, மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டுக்கும் நடுவே 1/16 பால்சாத் துண்டுகள், மர நரம்பு செங்குத்தாக நிற்கும்படி. விலா எலும்புகளின் இடைவெளி பிளானில் 6 செ.மீ. ஒன்றரை மடங்கில் 9 ஆகும், உறை தொய்ந்துவிடும். ஆகவே 7.5 செ.மீ. என்று வைத்து எண்ணிக்கையைக் கூட்டினேன்.

கம்ப்யூட்டரில் வரையும் முறை

இங்க்ஸ்கேப் என்ற இலவச சாப்ட்வேரைப் பதிந்து கொள்ளுங்கள். பைல் மெனுவில் டாக்குமெண்ட் ப்ராப்பர்ட்டீஸ் திறந்து, அளவை மில்லிமீட்டருக்கு மாற்றுங்கள்.

ஸ்கேன் செய்யும் முன் பிளானின் மேல் பென்சிலால் 100 மில்லிமீட்டர் கோடு இரண்டு போடுங்கள். ஒன்று குறுக்கே, ஒன்று நெடுக்கே. சில ஸ்கேனர்கள் ஒரு பக்கம் மட்டும் லேசாக இழுத்துவிடும். இந்தக் கோடுகள் காட்டிக் கொடுக்கும். 300 டி.பி.ஐ. போதும். மொபைல் போனில் படம் எடுக்க வேண்டாம், ஓரங்கள் வளையும். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. நீள்சதுர இறக்கை வெறும் நேர்கோடுகள்தானே? அளவைப் பார்த்து நேரடியாக வரைந்துவிடலாம். வளைவு உள்ள விலா எலும்பு, உடம்பின் பக்கவாட்டு, வால் ஆகியவை மட்டும் ஸ்கேனருக்குப் போகட்டும்.

ஸ்கேன் செய்த படத்தை இம்போர்ட் செய்து, 100 மி.மீ. கோடு உண்மையிலேயே 100 ஆகும்படி சரி செய்து, அந்த லேயரைப் பூட்டி விடுங்கள். அதன் மேல் இரண்டு புது லேயர்கள். ஒன்றுக்கு 'வளரும்', மற்றதற்கு 'வளராது' என்று பெயர் கொடுத்தேன். (பாய் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன்.) வெளிக்கோடுகளைப் பென் டூலால் 'வளரும்' லேயரில் வரைந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ஆப்ஜெக்ட் மெனுவில் டிரான்ஸ்பார்ம் பிரிவில் கிளிக் செய்திடவும். ஸ்கேல் டேபில் 150 சதவீதம் கொடுத்து, இரு பக்கமும் சமமாக வளரும் கட்டத்தில் டிக் போட்டு, அப்ளை தட்டவும். மேலே டூல் பாரில், கோட்டின் தடிமனையும் சேர்த்து வளர்க்கும் பட்டன் ஒன்று உண்டு; அதை அணைத்து வைப்பது நல்லது. தடித்த கோட்டில் எந்த ஓரத்தில் வெட்டுவது என்று குழம்புவோம்.

அதன் பிறகுதான் 'வளராது' லேயரைத் திறக்க வேண்டும். பைன் குச்சிக்கான பள்ளத்தை நிஜ அளவில், 6.4 மில்லிமீட்டராகப் புதிதாக வரையுங்கள். பழைய பள்ளத்தைப் பெரிதாக்கினால் 7.1 வரும், குச்சி ஆடும். சர்வோ ஓட்டையில் இந்தத் தவறு நன்றாகவே தெரியும். சிறிய 9 கிராம் சர்வோவின் உடல் சுமார் 23 x 12 மி.மீ.; ஒன்றரை மடங்காக்கினால் 34.5 x 18. சாதாரண சர்வோ 40 x 20. பெரிதாக்கிய ஓட்டையில் சின்னது விழும், பெரியது நுழையாது. திருகு ஓட்டைகளும் அப்படித்தான்.

சில விஷயங்கள் தானாகவே சரியாக வளரும். அவற்றைத் தொட வேண்டாம். எடை மையம் இறக்கை அகலத்தில் 30 சதவீதம் என்றால் சிறியதில் 54 மி.மீ., பெரியதில் 81 மி.மீ. இறக்கை, வால் ஆகியவற்றின் சாய்வுக் கோணங்களில் மாற்றமே இல்லை.

அச்சிடுதல்

படத்தை பி.டி.எப். பைலாகச் சேமித்து அடோப் ரீடரில் திறங்கள். பிரிண்ட் டயலாக் பாக்ஸில் 'போஸ்டர்' என்ற பட்டன் இருக்கும். அதைத் தட்டி, டைல் ஸ்கேல் 100 சதவீதம், ஓவர்லேப் 10 மில்லிமீட்டர் கொடுத்து, கட் மார்க்ஸ், லேபிள்ஸ் இரண்டிலும் டிக் போடுங்கள். முழு பிளானையும் அச்சிட்டால் எனக்கு 32 தாள் ஆகியிருக்கும். பாதி இறக்கைக்கு 4 தாள் போதும். மறு பாதிக்கு அதையே எண்ணெய் தடவித் திருப்பிப் போடலாம். ஒற்றைத் தாளில் அடங்கும் பாகத்தைச் சாதாரணமாக அச்சிடும்போது 'பிட்' என்பதை விட்டு 'ஆக்சுவல் சைஸ்' தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் பிரிண்டர் தானாகச் சில சதவீதம் சுருக்கிவிடும். முதல் தாள் வந்ததும் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். பழைய 100 மி.மீ. கோடு இப்போது 150 இருக்க வேண்டும்.

எங்கே பறக்கவிடுவது என்பதையும் முன்பே பார்த்துவிடுங்கள். 2021 டிரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை 'மைக்ரோ' வகை. அதற்கு மேல் 'ஸ்மால்'. வேலூர்ப் பக்கம் அப்துல்லாபுரத்தில் விமானத் தளம் இருக்கிறது, அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளம். இவற்றின் அருகே வேண்டவே வேண்டாம். வேறு எங்கானாலும் சிவப்பு, மஞ்சள், பச்சை மண்டலங்கள் குறித்த அரசு வரைபடத்தை ஒரு முறை திறந்து பாருங்கள், அதற்கும் கம்ப்யூட்டர்தானே.

என் இரண்டாவது விமானம் 1,440 கிராம் வந்தது. சதுர டெசிமீட்டருக்கு 35.6 கிராம். இறக்கையை இரண்டு நாற்காலிகளின் மேல் தாங்க வைத்து, நடுவில் நாலரை கிலோ அரிசிப் பையை ஏற்றிப் பார்த்த பிறகே ஆற்றுக்கு எடுத்துப் போனேன். ஆடு, மாடு, ஆள் யாரும் இல்லாத காலை ஆறு மணிக்கு. ஏழு நிமிடம் பறந்து, மணலைத் தொட்டு நின்றது. அக்கா மகன் இப்போது 200 சதவீதம் கேட்கிறான். ஒர்க் ஷீட்டில் போட்டுக் காட்டினேன்: எல்லாம் வளர்ந்தால் 4,320 கிராம். நான்காவது வரிசையை அவனையே நிரப்பச் சொல்லியிருக்கிறேன்.