பில் கம்ப்யூட்டர் சூடாகிறதா? பேஸ்ட்டைக் கவனியுங்கள்

மாலையில் கடையில் கூட்டம் சேரும் நேரம் பார்த்து பில் போடும் கம்ப்யூட்டர் மந்தமாகிறது. சில சமயம் தானாகவே அணைந்துவிடுகிறது. "மதர்போர்டு போய்விட்டது, புதிது வாங்குங்கள்" என்று ஆலோசனை வரும். அதற்குச் சம்மதிக்கும் முன், சில நூறு ரூபாயில் கிடைக்கும் ஒரு பொருளைப் பற்றி வணிகர்கள் தெரிந்துகொள்வது நல்லது. அதுதான் தெர்மல் பேஸ்ட்.

அதன் வேலை என்ன?

பிராசசரின் மேல், சூட்டை இழுக்கும் ஹீட் சிங்க் என்ற உலோகத் துண்டு அமர்ந்திருக்கும். இரண்டும் வழவழப்பாகத் தெரிந்தாலும் இடையில் நுண்ணிய மேடு பள்ளங்கள் உண்டு. அவற்றில் காற்று தங்கினால் சூடு இறங்காது. அந்த இடைவெளியை நிரப்புவதே பேஸ்ட். சில ஆண்டுகளில் அது உலர்ந்து பொருக்குத் தட்டிவிடும். பிறகு சூடு ஏறும். 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது பெரும்பாலான பிராசசர்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் அணைந்துவிடும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

1. உறையில் வெப்பம் கடத்தும் திறன் எண்ணாக இருக்கும். காற்றுக்கு அது சுமார் 0.026, சாதாரண பேஸ்ட்டுக்கே 4, 5 இருக்கும். பில் போடும் வேலைக்கு அதுவே தாராளம். 12 என்று அச்சிட்டதற்கு இரட்டை விலை கொடுத்தாலும் ஓரிரு டிகிரிதான் குறையும். எண்ணை மட்டும் பார்த்து வாங்கவேண்டாம்.

2. மின்சாரம் கடத்தாத வகையே நம் கடைக்கு ஏற்றது. சிலிகான், செராமிக், கார்பன் வகைகள் போதும். திரவ உலோகம் என்று விற்பது காலியம் கலந்தது. அது அலுமினியத்தை அரிக்கும். சிந்தினால் ஷார்ட் ஆகும். நம் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் அலுமினிய ஹீட் சிங்க்தான்.

3. பிரிக்காத டியூபாக, பில்லோடு வாங்குங்கள். எண்ணெய் தனியாகப் பிரிந்ததும் கட்டி தட்டியதும் வேண்டாம். பற்பசை தடவும் வழக்கமும் கூடாது. ஈரம் காய்ந்ததும் பயனற்றுப் போகும்.

செய்யும் முறை

பேஸ்ட்டை மாற்றுமுன் தூசியைப் பாருங்கள். மிளகாய்த்தூளும் மாவும் பறக்கும் கடையில் ஹீட் சிங்க் அடைத்துக்கொள்வது சகஜம். மின்விசிறி சரியாகச் சுற்றுகிறதா என்றும் பாருங்கள். இவை சரியாக இருந்தும் சூடு குறையாவிட்டால் பேஸ்ட்டை மாற்றலாம்.

முதலில் கணக்குகளை வேறொரு டிஸ்க்கில் பதிவெடுத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக் மின்இணைப்பை எடுத்துவிட்டு, ஹீட் சிங்க்கை மெல்லத் திருகி எடுக்கவேண்டும். வெடுக்கென்று இழுத்தால் சிலவற்றில் பிராசசரும் சேர்ந்து வந்து, அதன் ஊசிகள் வளைந்துவிடும். பழைய பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் சுத்தமாகத் துடைத்தபின், நடுவில் பட்டாணி அளவு புதியது வைத்தால் போதும். அழுத்தத்தில் தானே பரவும். நிறைய அப்பினால் சூடு இறங்குவது தடைப்படும். புதிய ஹீட் சிங்க் வாங்கினால் அடியில் பேஸ்ட் தடவியே வரக்கூடும்; அதன்மேல் இன்னொரு பூச்சு வேண்டாம்.

பண்டிகை வியாபாரம் தொடங்குமுன் இந்தச் சோதனையை முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகும் கோளாறு நீடித்தால் புதிய கம்ப்யூட்டரைப் பற்றி யோசிக்கலாம்.