மேடை இல்லாத மாதங்களில் மருந்துக்கு வழி

கேள்வி: அப்பா திருவிழாக் காலத்தில் நாடக நடிகர், மற்ற மாதங்களில் பட்டாசு ஆலை வேலை. சர்க்கரை நோய் வேறு. கலைஞனுக்குப் பாதுகாப்பே கிடையாதா?
– ஒரு வாசகர், தாயில்பட்டி

பதில்: இருக்கிறது, போதாது. ஆலையில் அப்பாவின் பெயர் ஈ.எஸ்.ஐ.யில் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பதிவிருந்தால் சிவகாசி ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் குடும்பத்துக்கே வைத்தியம் பார்க்கலாம். ஆலையில் முதலாளி சந்தா கட்டுவார்; மேடைக்கு அப்படியொரு முதலாளி இல்லை. நடிகருக்காகச் சந்தா கட்ட யாருமில்லை. எனக்குப் பொறுக்காத அநியாயம் இதுதான்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வாங்குங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். ஆனால் அது பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குத்தான். அன்றாடச் சர்க்கரை மாத்திரைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக வீட்டுக்கே வரும்.

எழுத்தாளர் புதுமைப்பித்தன் 1948இல் காசநோயால் இறந்தபோது வயது 42. அவர் காலத்தில் இவை எதுவும் இல்லை. உங்கள் அப்பாவுக்கு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியமும் உண்டு. கலை பண்பாட்டுத் துறை அலுவலகத்தில் விண்ணப்பம் கேளுங்கள். நாடகம் போட்ட நோட்டீஸ்களையும் போட்டோக்களையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.