ஆய்வக அறிக்கை இருந்தும் ஆர்டர் ஏன் போனது?

கேள்வி: கோவில்பட்டி பக்கத்தில் அப்பா காலத்திலிருந்து கடலை மிட்டாய் போடுகிறோம். எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். வெளியூர் சூப்பர் மார்க்கெட் ஒன்று எங்கள் சரக்கை எடுப்பதாகச் சொல்லி ஆய்வுக்கு ஆள் அனுப்பியது. ஆய்வக அறிக்கையைக் காட்டினேன். நச்சு எதுவும் இல்லை என்றுதான் இருந்தது. வந்தவர் அதை ஓரமாக வைத்துவிட்டு, “கடலை யாரிடம் வாங்கினீர்கள், எப்படிப் பொறுக்குகிறீர்கள், ஏட்டைக் காட்டுங்கள்” என்றார். ஏடு இல்லை. ஆர்டரும் போய்விட்டது. அறிக்கையை விடவா ஏடு பெரிது, சார்?
– ஒரு வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: வந்தவர் கேட்டது சரிதான் என்றால் கோபப்படாதீர்கள்.

கடலையில் நாம் பயப்பட வேண்டியது அஃப்ளாடாக்சின். பூஞ்சணம் விடும் நஞ்சு. நாள்பட உடம்பில் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்தபோதுதான் இப்படி ஒரு நஞ்சு இருப்பதே தெரியவந்தது. வறுத்தால் போய்விடும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். பூஞ்சணம் சாகும், நஞ்சு முழுக்கப் போகாது. பாகின் சூடும் அதைத் தீர்க்காது.

அப்படியே தின்னும் கடலைக்கு நம் நாட்டில் அனுமதித்த அளவு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம். அதாவது 100 டன்னில் 1 கிராம். அதுவும் மூட்டை முழுக்கச் சீராகப் பரவியிருக்காது. ஆயிரக்கணக்கான நல்ல பருப்புக்கு நடுவே நாலைந்து கெட்டது கிடக்கும், நஞ்செல்லாம் அதற்குள்தான். நீங்கள் அனுப்பிய மாதிரியில் அந்த நாலைந்தும் விழவில்லை என்றால் அறிக்கை சுத்தமாகத்தான் வரும். அறிக்கை பொய்யில்லை. அந்த மாதிரியைப் பற்றி மட்டும் அது பேசுகிறது.

1960-களில் அமெரிக்க விண்வெளி வீரர்களுக்கு உணவு தயாரித்த பில்ஸ்பரி நிறுவனத்துக்கும் இதே சிக்கல்தான். முடிந்த பண்டத்தைச் சோதித்தே உறுதி சொல்வதென்றால், செய்ததில் பெரும்பகுதி சோதனைக்கே போய்விடும். அதனால் கேடு நுழையும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கேயே மறிப்பது என்று முறையை மாற்றினார்கள். இன்று எல்லோரும் கேட்கும் ஹெச்.ஏ.சி.சி.பி. என்ற உணவுப் பாதுகாப்பு முறை அங்கிருந்து வந்ததுதான்.

உங்கள் பட்டறையில் அந்த இடம் மூட்டை இறங்கும் வாசல். ஈரமானி ஒன்று வாங்கிவிடுங்கள். பருப்பின் ஈரப்பதம் 7 சதவீதத்தைத் தாண்டினால் இறக்காதீர்கள். மூட்டைகளைப் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள்.

அடுத்தது பொறுக்கும் மேஜை. சின்னப் பட்டறைக்கு இதை மிஞ்சிய பாதுகாப்பு இல்லை என்பேன். வறுத்துத் தோல் நீக்கியதும் நல்ல வெளிச்சத்தில் பரப்புங்கள். சுருங்கியது, நிறம் மாறியது, ஓட்டை விழுந்தது எல்லாம் வெளியே. சந்தேகமானதைப் பிளந்து பாருங்கள். மேலே பளிச்சென்று இருக்கும் பருப்பிலும் சில சமயம் நடுக்குழியில் பச்சைப் பொடி அப்பியிருக்கும். பொறுக்குகிற அக்காமாருக்கு ஒருமுறை அதைக் கண்ணால் காட்டுங்கள்; பிறகு அவர்கள் கை தானாகத் தேடும். கிலோக் கணக்கில் மட்டும் கூலி பேசாதீர்கள். வேகம் கூடும், சொத்தை உள்ளே போகும். கழித்ததை மாட்டுத் தீவனத்துக்கும் விற்கக் கூடாது. அந்த நஞ்சு பாலில் திரும்பி வரும், அதைக் குடிப்பது குழந்தைகள்.

ஏட்டுக்குச் சாதாரண நோட்டே போதும். தேதி, யாரிடம் வாங்கியது, எத்தனை மூட்டை, ஈரப்பதம், கழிந்தது எத்தனை கிலோ, எந்த பேட்ச் எண்ணில் போனது. கழிவு திடீரென்று ஏறினால் அந்த வியாபாரியை விசாரியுங்கள். திடீரென்று குறைந்தாலும் சும்மா இராமல் மேஜைப் பக்கம் போய்ப் பாருங்கள்.

ஒரு மாதம் விடாமல் எழுதுங்கள். பிறகு கடையில் உங்கள் பாக்கெட் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி வந்து, அதிலுள்ள பேட்ச் எண்ணை வைத்து, உள்ளே இருக்கும் கடலை எந்த மூட்டையிலிருந்து வந்தது என்று தேடுங்கள். அரை மணி நேரத்தில் விடை கிடைத்தால், அந்த சூப்பர் மார்க்கெட்டுக்கு மறுபடியும் எழுதுங்கள்.